குட்டை பேரலும் நைனாவோட சவுக்குத் தோப்பும்

துப்பாக்கி வாடகைக்கு உடற தொழில்ல துப்பாக்கியால ஒரு பேஜாரும் இல்லீங்க, அதைக் கையில வாங்கற ஆளுங்களாலதான் அத்தனையும். கவுன்ட்டருக்குப் பின்னாடி ஒரு நாளாவது நின்ன ஆளா இருந்தா, எந்தத் தொழிலா இருந்தாலும், நான் சொல்றதுக்குத் தலையாட்டுவீங்க.

பயந்துடாதீங்க, இது பெயின்ட்பால் துப்பாக்கி. வெவரம் தெரிஞ்சவங்க மார்க்கர்னுவாங்க. கோலி சைசுல ஒரு குண்டு, மேல மாத்திரை மாதிரி மெல்லிசு தோலு, உள்ள கலரு. கேஸ் தள்ளி வந்து உங்க மேல பட்டு ஒடைஞ்சா நீங்க அவுட்டு. ரெண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்குல புதுவாயலுக்கு உள்ளாற முனிரத்தினம் நைனாவோட சவுக்குத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, பழவேற்காட்டு பஷீர் பாய் இதை ஆரம்பிச்சாரு. கும்மிடிப்பூண்டியில ஒரு பைப் கம்பெனி ஸ்டோர்ல இருந்த என்னை, "பைப்பு தெரிஞ்ச பொண்ணு"ன்னு கூப்ட்டு வந்து கவுன்ட்டர்ல நிக்க வச்சாரு.

வேலை எனக்கு அவ்ளோ புடிச்சுது. கொடுமை இன்னான்னா, சவுக்கு நாலஞ்சு வருசத்துல வெட்டற பயிரு. "தை பொறந்தா வெட்டிடுவேன்"னு நைனா சொல்லிக்கினே இருந்தாரு. மரம் போனா ஆட்டம் இல்ல, ஆட்டம் போனா நான் மறுபடி ஸ்டோர்ல நட்டு எண்ணணும்.

நீளம்

வர்றவங்க எல்லாருக்கும் நீள பேரல்தான் வேணும், அதான் குண்டு வெளிய வர்ற குழாய். பேரல் நீண்டா குண்டு தூரம் போவும்னு ஒரு நம்பிக்கை. அடப்பாவிங்களா, எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வேகம்தான் நானே திருகி வச்சிருக்கேன், நீளத்தால ஒண்ணும் ஆவாதுன்னா யாரு கேக்கறா?

மெட்ராஸ்ல இருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி சார் வந்தாரு. வெளிநாட்டுல வாங்குன சொந்த பேரல், கரும்பு கணக்கா இருந்துச்சு. "சார், இது சவுக்குத் தோப்பு, கைய நீட்டுனா மரம். குட்டையா ஒண்ணு தர்றேன்"னேன். ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க, ஒதுங்கி வழி உட்டுட்டேன். உள்ள போயி இடது பக்கம் திரும்புனாரு, பேரல் மரத்துல இடிச்சுது. வலது பக்கம் திரும்புனாரு, அங்கயும் மரம். அதுக்குள்ள முதுகுல நாலு குண்டு. வெளிய வந்து என்கிட்டதான் கோச்சுக்கினாரு.

"மேடம், உங்க தோப்புல மரத்தை ரொம்ப கிட்டகிட்ட நட்டிருக்காங்க!"

ஊதிப் பார்க்கறது

பேரல் வாங்கறதுல நீளத்தை விட ஓட்டைதான் முக்கியம். குண்டைப் பேரலுக்குள்ள போட்டா அதுவா உருண்டு விழக்கூடாது, இறுக்கிக்கினும் நிக்கக்கூடாது. வாய வச்சு ஒரு ஊது ஊதுனா பொத்துனு வெளிய வரணும், அதான் ஜோடிப் பொருத்தம். காலையில நாஷ்டாவுக்கு முன்னாடி எல்லாப் பேரலையும் ஊதறதுதான் என் மொத வேலை.

ஒரு ஐப்பசியில பாய் ஆசையா அப்கிரேடுன்னு ஓட்டை சின்ன பேரலா வாங்கிட்டாரு. நம்ம கடலோரக் காத்துக்கும் மழைக்கும் குண்டு ஊதிப் போச்சு. ஊதறேன், ஊதறேன், என் கன்னந்தான் வலிக்குது. சுட்டா குண்டு உள்ளயே ஒடைஞ்சு, கொழந்தை எச்சி ஒழுகற மாதிரி முனையில கலரு ஒழுகுது. "கவலைப்படாத செல்வி"ன்னு பாய் ஊட்டுல இருந்து ஐஸ் பொட்டி கொண்டாந்தாரு. எறா வியாபாரக் குடும்பம், ஐஸுல வச்சா எதுவும் கெடாதுன்னு நம்பறவங்க. ராத்திரி பூரா குண்டெல்லாம் அதுல கெடந்துச்சு. காலையில பாதி அப்பளம் மாதிரி பேரலுக்குள்ளயே நொறுங்குது. மீதி ஒழுங்கா பறந்துச்சு, ஆனா எறா நாத்தத்தோட பறந்துச்சு. அடிபட்ட ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கினு வந்தான்.

"அக்கா, அவுட்டானது கூட பரவால்ல, பஸ்ல யாரும் பக்கத்துல ஒக்கார மாட்டாங்களே!"

பாய் ஐஸ் பொட்டிய ஊட்டுக்குத் தூக்கிப் போயிட்டு, பழைய பேரலை மாட்டச் சொன்னாரு.

பனி மூட்டம்

அடுத்த அப்கிரேடு இன்னா வாங்கலாம்னு பாய் கேட்டப்ப, "மூஞ்சியில மாட்டற மாஸ்க்குக்கு ஆவி புடிக்காத கண்ணாடி"ன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு அவருக்கு. துப்பாக்கி மேல வைக்கற தூரக்கண்ணாடின்னா கெத்தா இருக்குமாம். சரின்னு ஒண்ணு வாங்கி மாட்டுனோம். மாஸ்க் போட்டா அதுல கண்ணே வைக்க முடியல. இரும்பு மில்லுல இருந்து வந்த ஒருத்தரு அதைத்தான் அடம் புடிச்சு வாங்கிக்கினு போனாரு. வேர்வையில மாஸ்க் பூரா ஆவி. கொஞ்ச நேரத்துல வெளிய வந்து, துப்பாக்கிய என்கிட்ட நீட்டுனாரு.

"மூஞ்சி தெரியலக்கா, தொப்பைய மட்டும் பார்த்து சுட்டேன், எங்க மேனேஜராம்!"

ஆடி விரதம்

அத்திப்பட்டு பக்கம் கரண்டு கம்பெனியில வேலை செய்யறவங்க ஒரு ஆடி மாசம் வந்தாங்க. அதுல ஒருத்தரு பெரியபாளையத்தம்மாவுக்கு மஞ்சத்துணி கட்டி விரதத்துல இருந்தாரு. குண்டோட தோலு மாட்டெலும்புல செய்யறதுன்னு எவனோ வாய வச்சுக்கினு சும்மா இருக்காம சொல்லிட்டான். மனுசன் ஆடிப் போயிட்டாரு. ஆனா ஆள் கொறையுது, கூட்டாளிங்க உடல. "குண்டே போடாத, மூடி கூட கழட்டாத துப்பாக்கிய குடுக்கா"ன்னு வாங்கிக்கினாரு.

அன்னிக்கு அவர் ஓடுன ஓட்டம்! குனிஞ்சாரு, உருண்டாரு, பறந்தாரு. எதிராளிங்க டப்பா டப்பாவா குண்டைக் காலி பண்ணிட்டு, ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கினு அவுட்டானாங்க. கடைசியில ஒரு பொட்டு கலரு இல்லாம நின்னது இவரு மட்டும்தான். பேரல் மூடி அப்படியே இருக்குது. கைதட்டுனோம். அவருக்குக் கோவம்.

"கவுச்சி மேல படக்கூடாதுன்னு ஓடுனேன்க்கா, ஜெயிக்கணும்னு யாரு ஓடுனா?"

நைனா

மார்கழி கடைசியில நைனா மர வியாபாரிய கூட்டிக்கினு வந்துட்டாரு. வியாபாரி ஒவ்வொரு மரமா கட்டிப் புடிச்சு பருமன் பார்க்கறான். நான் பாயைப் பார்த்தேன். பாய் ஒரு டீயக் குடுத்து, "வெட்டறது வெட்டப் போறீங்க, ஒரு ஆட்டம் ஆடிட்டு வெட்டுங்க நைனா"ன்னாரு.

வியாபாரி கவுன்ட்டருக்கு வந்ததும் நீள பேரலைத் தூக்கிக்கினான். நைனாவுக்கு நான் எட்டு இஞ்சு குட்டை பேரலை மாட்டிக் குடுத்தேன். "இன்னாமா, தோப்புக்காரனுக்குப் போயி இத்துனூண்டா?"ன்னாரு. "உங்க மரத்துக்கு நடுவுல திரும்பறது இதுதான் நைனா"ன்னேன். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு, மாஸ்க்கைப் போட்டுக்கினு உள்ள போனாரு. சவுக்கு மரம் ஒல்லி, நைனாவும் ஒல்லி. ஒரு மரத்துக்குப் பின்னாடி பக்கவாட்டுல நின்னாருன்னா ஆளே தெரியல. வியாபாரி சுட்டதெல்லாம் மரத்துல பட்டுத் தெறிக்குது. அவன் பேரலை ரெண்டு மரத்துக்கு நடுவுல உட்டு உருவிக்கினு இருந்தப்ப, நைனா சாவகாசமா வந்து நெஞ்சுல ஒண்ணு வச்சாரு. அறுவது வயசு மனுசன் குதிச்ச குதிய நீங்க பார்த்திருக்கணும்.

மூச்சு வாங்கிக்கினு ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. வியாபாரி சட்டையத் தொடைச்சிக்கினே, "அப்ப தை பொறந்ததும் ஆளக் கூட்டியாரட்டா?"ன்னான். நைனா தோப்பைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாரு.

"பின்பாதிய வெட்டிக்கோ. முன்பாதிய வெட்டிட்டா, வர்ற ஞாயித்துக்கெழமை நான் எங்கய்யா ஒளியறது?"

மொத்தத்துல, இத்தனை வருசத்துல நான் செஞ்ச ஒரே உருப்படியான அப்கிரேடு, எடம் குடுத்தவரையே கஸ்டமர் ஆக்குனதுதான்.