ஏழாம் நாள் திறந்த பஞ்சாரம்

நேற்று மூன்று மாதக் கோழிகள் நான்கு வாங்கி வந்தேன். பழைய கோழிகள் மேயும் கொல்லையில், கோழி அடைக்கும் மூங்கில் கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து அவற்றை உள்ளே விட்டேன். நாட்குறிப்பில் ‘முதல் நாள்’ என்று எழுதினேன். இந்த நாள் கணக்கில் ஒருமுறை நான் தவறியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா இறந்து ஒன்றரை வருடம். அவள் வளர்த்த ஒரு சேவலும் ஐந்து பெட்டைகளும் எங்கள் அனுமந்தன்பட்டி வீட்டுக் கொல்லையில் மேய்ந்தன. அப்பா இரண்டாவதாக மணம் முடித்து, சித்தியை மயிலாடும்பாறையிலிருந்து அழைத்து வந்தார். சித்தியின் கூடையில் நான்கு விடைக்கோழிகள் இருந்தன. முட்டையிட இன்னும் பருவம் வராதவை.

அன்றே சித்தி அவற்றைப் பஞ்சாரத்தில் அடைத்தார். வெளியே, பத்தடி தள்ளி, அம்மாவின் கோழிகளுக்குக் கம்பு இறைத்தார். அதன்பின் கம்பு நாளுக்கு ஓரடி பஞ்சாரத்தை நெருங்கியது.

“எதுக்கு இம்புட்டுத் தள்ளிப் போடுறீக?” என்று கேட்டேன்.

“எடுத்ததுமே ஒண்ணா விட்டா கொத்திப்புடும் ஆத்தா. அதுக வளந்த எடம்ல இது. ரெண்டு வாரம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்.”

சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கும் எனக்கும் பரிமாறிவிட்டு, சித்தி தன் தட்டோடு அடுப்படி நிலைப்படியில் உட்காருவார். ஆறாம் நாள் கவனித்தபோது அந்தத் தட்டு எனக்கு ஒரு பாய் தூரத்துக்கு வந்திருந்தது. நான் என் தட்டைச் சற்று அப்பால் நகர்த்திக்கொண்டேன்.

ஏழாம் நாள் சித்தி தெருக்குழாய்க்குப் போயிருந்தார். அம்மாவின் கோழிகள் விரட்டினால் இந்த நான்கும் மயிலாடும்பாறைக்கே போய்விடும், பின்னாலேயே சித்தியும் போய்விடுவார் என்பது என் திட்டம். நடுவில் இருந்த மலையை நான் கணக்கில் எடுக்கவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கினேன்.

என் உள்ளங்கையில் கம்பு பொறுக்கும் அம்மாவின் செவலைப்பெட்டைதான் முதலில் பாய்ந்தது. மூன்று விடைகள் வேலியோரம் ஓடித் தப்பின. நான்காவதைச் சுவர் மூலையில் மடக்கித் தலையிலேயே கொத்தியது. ரத்தம் வந்தது. விரட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஓடிப்போய் அதைப் பாவாடையால் பொத்திக்கொண்டு, “சித்தி! சித்தி!” என்று அலறினேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல்முறை.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் பூசினார். ரத்தம் பட்ட என் பாவாடையைக் கழற்றி அலசிப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா கோழியைப் பார்த்தார். “யாரு தொறந்து விட்டது?”

“நாந்தேன். தீனி வச்சுட்டுச் சரியாக் கவுக்காமப் போயிட்டேன்,” என்றார் சித்தி.

“பொறந்ததுல இருந்து கோழி வளத்தவன்னு சொன்னாக!”

“எங்கூருக் கோழிக இம்புட்டுக் கோவக்காரிக இல்லையே,” என்று சித்தி சிரித்தார்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, தப்பித்தேன் என்று மகிழ்ந்தேன்.

மறுநாள் கம்பு மறுபடி பத்தடி தள்ளி விழுந்தது.

“திரும்ப மொதல்ல இருந்தா?”

“ஆமாத்தா. மெரண்டு போச்சுல்ல, நாளாகும்.”

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சித்தியின் தட்டும் நிலைப்படிக்குத் திரும்பிப் போயிருந்தது. இடம் தாராளமாகக் கிடைத்ததென்று நான் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.