கீறல் இல்லாத துப்பாக்கி

திருவானைக்காவல் வங்கிக் கிளைக்கு வருபவர்கள் காவலர் அமிர்தராஜின் மீசையைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். அவர் தோளில் தொங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியை யாரும் சட்டை செய்ததில்லை. பதினாறு வருஷத்தில் அதற்கு அங்கே ஒரு வேலையும் வரவில்லை. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த மனிதருக்கு இது கௌரவக் குறைச்சல். அதை வேறு வகையில் ஈடுகட்டினார்: துப்பாக்கியின் மரக்கட்டைக்கு எண்ணெய் போட்டார்.

சமையல்கட்டு எண்ணெய் இல்லை. பெரியகடை வீதி பெயிண்ட் கடையில் வாங்கிய லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் பூசினால் பிசுபிசுவென்று மேலேயே நிற்கும். இது மரத்துக்குள் இறங்கிக் காயும். ஆனால் பொறுமை வேண்டும். நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டு, மரம் சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு அதிகமாக ஊற்றினால் பாகாக ஒட்டிக்கொள்ளும். தோட்டாக்களைக் கழற்றி வைத்துவிட்டு, தினம் மாலை வாடிக்கையாளர்கள் போனதும் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைப்பதுபோலத் தேய்ப்பார். வீட்டில் மனைவி இருதயமேரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னால் மட்டும் அவருக்குக் கை வலிக்கும்.

போன ஜூனில் சுற்றறிக்கை வந்தது. அவசியமில்லாத கிளைகளில் துப்பாக்கிக் காவலர் வேலையை எடுத்துவிடப் போகிறார்களாம். பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வாராம். ஐம்பத்தாறு வயதில் வீட்டில் சும்மா உட்கார அமிர்தராஜ் தயாராக இல்லை. துப்பாக்கி தன்னைக் கைவிடாது என்று மனப்பூர்வமாக நம்பினார். பத்து நாள் அவகாசம் இருந்தது. முதல் நாள், கட்டையில் அங்கங்கே விழுந்திருந்த சிறு பள்ளங்களின்மேல் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒத்தி மரத்தை எழுப்பினார். மறுநாளிலிருந்து நாளுக்கு ஒரு பூச்சு. கிளை மேலாளர் அனுபமா பார்த்துவிட்டு, இதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று சிரித்தார். அமிர்தராஜ் அன்றே வேலை உறுதி என்று முடிவுகட்டிவிட்டார்.

அதிகாரி சந்திரசேகர் வந்தார். துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டையைத் தடவினார்.

"எத்தனை வருஷமாங்க இது இங்க இருக்கு?"

"பதினாறு வருஷம் சார்."

"ஒரு கீறல் இல்லையே. இங்க இதுக்கு வேலையே இல்லன்னு துப்பாக்கியே சொல்லுதுங்க," என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் அவர் முசிறி கிளைக்குப் போனார். அங்கே காவலர் பிச்சையின் துப்பாக்கி கட்டை பிளந்து, கருப்பு டேப் சுற்றி இருந்தது. பாதி இறங்கிய ஷட்டருக்கு அதை முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்து வந்த பிளவு அது. அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? உழைத்துத் தேய்ந்த ஆயுதம் என்று உருகிப்போனார். அமிர்தராஜின் வேலை போனது, பிச்சையின் வேலை தப்பியது. சேதமான துப்பாக்கிக்குப் பதிலாக, திருவானைக்காவலில் சும்மா கிடக்கும் நல்ல துப்பாக்கியை முசிறிக்குக் கொடுக்கவும் உத்தரவானது.

பணி முடிந்த நாளில் அனுபமா சால்வை போர்த்தினார். அமிர்தராஜ் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இருதயமேரி ஆச்சரியப்படும்படி இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் வாரம் பிச்சை போன் செய்தார். நல்ல மனிதர், நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்ல துப்பாக்கிண்ணே. கட்டைதான் வழவழன்னு கையில நிக்க மாட்டேங்குது. உப்புத்தாள் வெச்சு நல்லா சொரசொரன்னு தேச்சு விட்டுட்டேன். இப்ப பரவாயில்லை."

"நல்லதுங்க தம்பி," என்றார் அமிர்தராஜ்.

போனை வைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. தட்டைப் போட்டுவிட்டு இருதயமேரி மூன்று தடவை கூப்பிட்டார். அமிர்தராஜ் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.