பின்சில்லில் பூட்டிய சங்கிலி

ஜெயரட்ணத்துக்கு இத்தாலியன் நன்றாக வரும். ஆனாலும் இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்தது "துத்தோ அப்போஸ்தோ" என்பதுதான். எல்லாம் சரி என்று அர்த்தம். மாடிப்படி கழுவி இடுப்புப் பிடித்துக் கிடந்தாலும் அதே பதில்தான். உதவி கேட்டால் தன்னைக் குறைவாக நினைப்பார்கள் என்ற பயம் அவருக்கு. இத்தாலியில், ஒரேத்தோ தெருவில் அவர் எனக்கு அடுத்த வீடு. அந்த வீம்பைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அவர் மனைவி மரியமலர் பல வருடமாக ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துப் பராமரித்தவர். கடைசிக் காலத்தில் சிஞ்ஞோராவின் மகன் அவரைச் சொந்த ஊருக்கு, மதோனியே மலைக்குக் கொண்டுபோனான். சனவரியில் சிஞ்ஞோரா அங்கேயே இறந்துபோனார். அவர் மரியமலரிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. மரியமலரின் ஊரான மன்னாரில் செய்வதுபோல, தன் செத்த கையில் மடுமாதா செபமாலையை மரியமலரே சுற்றிவிட வேண்டும். பெட்டியை மூடமுன்னர் போய்ச் சேர வேண்டும் என்று விடியவே இருவரும் காரில் புறப்பட்டார்கள்.

பெரிய பாதையைப் பனி மூடியிருந்ததால் மலைக்குப் பின்னால் போகும் சிறுபாதையில் பொலிஸார் வாகனங்களைத் திருப்பிவிட்டார்கள். ஒலிவ் மரங்கள், மதில்கள், பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே வெள்ளை. அழகுதான். மரியமலர் எதையும் பார்க்கவில்லை.

ஏற்றம் தொடங்குமிடத்தில் ஜெயரட்ணம் இறங்கி, பனியில் டயர் வழுக்காதிருக்க இரண்டு பின்சில்லுகளிலும் பனிச்சங்கிலியைப் பூட்டினார். மன்னாரில் அவர் ஓட்டியது வான். மாரிச் சேற்றில் புதைந்தால் பின்சில்லுக்குத்தான் கயிறு சுற்றுவார்.

"ஆரையும் ஒருக்கால் கேளுங்கோவன்."

"வான் ஓடினவனுக்கு நீ படிப்பிக்காதை."

அந்த நேரம் உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் நிறுத்தினார். சில்லைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெயரட்ணம் முந்திக்கொண்டு, "துத்தோ அப்போஸ்தோ!" என்று சிரித்துக் கைகாட்டினார். அவரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது வளைவில் முன்சில்லுகள் சும்மா சுற்றின. கார் வழுக்கிப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது. போன் வேலை செய்யவில்லை. மரியமலர் செபமாலையை உருட்டினார். செபம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வெகுநேரம் கழித்துப் பனி அள்ளும் வண்டி வந்தது. வண்டிக்காரன் காரை இழுத்து எடுத்தான். பிறகு முழந்தாளிட்டுச் சங்கிலிகளைக் கழற்றி முன்சில்லுகளில் பூட்டினான்.

"இந்தக் காரை இழுக்கிறது முன்சில்லு," என்றான்.

அதன் பிறகு கார் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மூடித் திருகாணி இறுக்கியாயிற்று. மரியமலர் எட்டிச் செபமாலையைப் பெட்டியின்மேல் வைத்தார். அது வழுக்கிப் பனிக்குள் விழுந்தது. குனிந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததும் மகன் வந்து இருவரையும் கட்டிப்பிடித்தான். "அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தா. பாதையில் ஏதும் கஷ்டமா?"

ஜெயரட்ணம் வாயைத் திறந்தார். பிறகு குனிந்து சப்பாத்திலிருந்த பனியைத் தட்டத் தொடங்கினார்.

"துத்தோ அப்போஸ்தோ," என்றார் மரியமலர், கணவரையே பார்த்துக்கொண்டு.