கழுவாமல் வந்த கால்

பிஷப் இருக்கிற ஆயர் இல்லத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெரிய வியாழன் பூசையில், பீடத்துக்கு முன்னாலேயே, நான் வழிபாட்டின் மாண்பைக் குலைத்துவிட்டேனாம். என் பங்கைச் சேர்ந்த, அதாவது என் கோயிலுக்கு உட்பட்ட ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். விளக்கம் தர வேண்டும்.

தந்துவிட்டேன். ஒரு பக்கம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயமா இது? மீதியை வழக்கம்போல உங்கள் தலையில் கட்டுகிறேன்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை வாசிப்பவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் அன்று, இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவ வேண்டும். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். ஒரு பித்தளைத் தாம்பாளம், ஒரு ஜக்கு தண்ணீர், தோளில் ஒரு துண்டு. கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட வேண்டும்.

பார்க்க உருக்கமாக இருக்கும். நான் சாமியாராகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இருபத்திரண்டு வருஷமும் உருக்கமாகத்தான் கழுவியிருக்கிறேன்.

ஒரு ரகசியம் சொல்லவா? அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். நகம் வெட்டியிருக்கும். சிலர் பவுடர்கூடப் போட்டிருப்பார்கள். சாமியார் முத்தம் கொடுக்கப் போகிற கால் ஆயிற்றே. பூசை முடிந்து தாம்பாளத்துத் தண்ணீரைக் கொட்டும்போது பார்த்திருக்கிறேன்... ஊற்றியபோது இருந்த மாதிரியேதான் இருக்கும். கழுவின காலைத்தான் இத்தனை வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தேன்.

என் பங்கு உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமம். வீட்டுக்கு ஒருவராவது வயல் வேலைக்குப் போகிறவர்கள். இந்த வருஷம், ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், உபதேசியார் சின்னப்பன் பன்னிரண்டு பேர் பட்டியலை நீட்டினார். உபதேசியார் என்றால் எனக்கு வலது கை மாதிரி. ஜெபம் சொல்லிக் கொடுப்பது, மணி அடிப்பது, என்னைத் திட்டுவது எல்லாம் அவர்தான்.

பட்டியலில் போன வருஷத்துப் பெயர்கள். அதற்கு முந்தைய வருஷத்துப் பெயர்களும் அவைதான். பன்னிரண்டும் ஆண்கள். பெண்களின் கால்களையும் கழுவலாம் என்று ரோமிலிருந்து சொல்லி வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வர இன்னும் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"சவுரியம்மாளைப் போடலாமே" என்றேன்.

சவுரியம்மாள் ஒரு நடவு செட்டின் தலைவி. விடியற்காலையில் பத்துப் பதினைந்து பெண்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கே நடவு இருக்கிறதோ அங்கே போவார். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார். ஆனால் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நிற்பார்.

"அது நன்மை எடுக்க வர்றதே இல்லியே சாமி" என்றார் சின்னப்பன். பூசையில் சாமியார் தருகிற சிறு அப்பமான நற்கருணையை வாங்குவதைத்தான் எங்கள் ஊரில் நன்மை எடுப்பது என்பார்கள்.

எனக்கும் அது தெரியும். இங்கே வந்த இரண்டு வருஷமாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கணவர் இந்து, கோயிலில் மந்திரிக்காத கல்யாணமாக இருக்கும், அதனால் ஒதுங்குகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சாமியார் மூளை அப்படித்தான் வேலை செய்யும். யாராவது நன்மைக்கு வரவில்லை என்றால் உடனே கல்யாண ரிஜிஸ்டரைத் தேடும். ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாது.

பட்டியலில் ஒரு பெயரை அடித்து, சவுரியம்மாள் பெயரை எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். ஏதோ புரட்சி செய்துவிட்ட திருப்தி. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றார்.

"போர்டுல எம் பேரு கீதாமே சாமி?"

"ஆமாம்மா. நான்தான் எழுதினேன்."

"யாரக் கேட்டு எழுதுனீங்க?"

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

"என் காலப் பாத்துகீறீங்களா?" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மாசக்கணக்கில் சேற்றிலும் தண்ணீரிலும் நிற்கிறவர்களுக்கு வருவது. வெந்த மாதிரி வெளுத்து, நடுவில் சிவந்திருந்தது. அதன் மேல் மருந்தாக அரைத்துப் பூசிய மருதாணிக் கறை.

"கோயில் தரையில அந்தச் செவப்புத் துணி விரிச்சாங்களே, அந்த வாரம் நன்மை எடுக்க வந்தேன். மருதாணி ஈரமா இருந்துச்சு. துணியில பட்டுடுச்சு. பூசை முடிஞ்சி, துணி வாங்கிப் போட்டவரு எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சி ஏசினாரு. இந்தக் கால வெச்சிக்கினு பீடத்தாண்ட இன்னாத்துக்கு வரேன்னாரு. அதோட நின்னுட்டேன். எட்டு வருசம் ஆச்சு."

எட்டு வருஷம். ஒரு கார்ப்பெட்டுக்காக ஒரு பெண் எட்டு வருஷம் நன்மை எடுக்கவில்லை. நான் கல்யாண ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது... முதலில் என் மேல்தான்.

ஏசியவர் எங்கள் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். ஓய்வுபெற்ற ஆசிரியர். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அந்தக் கார்ப்பெட்டை வாங்கிப் போட்டவரும் அவர்தான். அவருடைய அம்மா நினைவாகப் போட்டது. அந்த அம்மா யார் தெரியுமா? காலமெல்லாம் நாற்று நட்டு இவரைப் படிக்க வைத்தவர்.

"பேரை எடுத்துடட்டுமா?" என்று சவுரியம்மாளிடம் கேட்டேன்.

"எல்லாரும் பாக்கறதுக்குத்தானே என்னக் குந்த வெக்கிறீங்க?"

ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்குத்தான் எழுதினேன். அவருடைய காலை வைத்து நான் பிரசங்கம் பண்ணப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவர் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "எடுக்க வாணாம் சாமி. வரேன். ஆனா வியாழக்கெழம பெருநகர் பக்கம் நடவு கீது. வண்டி வந்து எறங்கவே ஆறு ஆயிடும். வூட்டுக்குப் போயி சோப்பு போட்டுக்கினு எல்லாம் வர முடியாது. அப்படியேதான் வருவேன். கழுவுறேன்னு சொன்னீங்க இல்ல... கழுவுங்க."

அப்படியேதான் வந்தார். பதினோரு நாற்காலிகளில் வெள்ளை வேட்டியும் பவுடர் வாசனையும். பன்னிரண்டாவது நாற்காலியில் முழங்கால் வரை சேறு காய்ந்த காலோடு சவுரியம்மாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கார்ப்பெட்டில் வாசலிலிருந்து நாற்காலி வரை அவர் தடம் பதிந்திருந்தது. கோயிலில் ஒரே முணுமுணுப்பு.

பதினோரு பேருக்கும் ஆளுக்கு அரை நிமிஷம். ஆனால் இவர் காலில் தண்ணீரை ஊற்றியதும் தாம்பாளம் வயல் மாதிரி ஆகிவிட்டது. விரல் இடுக்கில் கை பட்டது. "மெதுவா சாமி, எரியுது" என்றார். பாட்டுக் குழு பாட்டை முடித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பாடியது. மூன்று ஜக்கு தண்ணீர் ஆயிற்று. சின்னப்பன் ஓடி ஓடிக் கொண்டுவந்தார். என் வெள்ளை அங்கி முழுக்கச் சேறு.

வலது காலை மட்டும் கழுவுவதுதான் வழக்கம். "அந்தக் காலையும் கொடும்மா" என்றேன்.

இரண்டு காலுக்கும் முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, துணைத் தலைவர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒரு காலைக் கழுவினேன். இதில் எது மாண்புக் குலைவு? சேறு இருந்ததா? அல்லது அது உண்மையாகவே போனதா?

நமக்கெல்லாம் ஏழைகளை ரொம்பப் பிடிக்கும் — குளித்துவிட்டு வந்தால். இது கோயிலுக்கு மட்டும் இல்லை. உங்கள் ஆபீஸ், உங்கள் அப்பார்ட்மென்ட் லிஃப்ட், உங்கள் கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயலில் விளைகிறது வேண்டும். வயலில் நின்ற கால் மட்டும் உள்ளே வரக்கூடாது. இந்த நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடவும் வேண்டாம்.

சனிக்கிழமை துணைத் தலைவர் இரண்டு ஆட்களோடு வந்தார். கார்ப்பெட்டைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் தடுக்கவில்லை. இன்னொரு முனையைப் பிடித்துச் சுருட்டிக்கூடக் கொடுத்தேன்.

ஈஸ்டர் காலைப் பூசை. நடுவில் வெறும் சிமென்ட் தரை. நன்மை நேரத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து சவுரியம்மாள் நடந்து வந்தார். எட்டு வருஷத்துக்குப் பிறகு. கையை நீட்டினார். எனக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய செட்டுப் பெண்கள் ஒன்பது பேர். மருதாணிச் சிவப்போடு வெறுங்கால்கள். இவர்களும் என் பங்குதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் வெளியே வேப்ப மரத்தடியிலேயே நின்று பூசை கண்டிருக்கிறார்கள்.

நற்கருணை பற்றவில்லை. "சாமி, தீந்துடும்போல கீது" என்று சின்னப்பன் காதில் சொன்னார். உடைத்து உடைத்துக் கொடுத்தேன்.

ஆயர் இல்லத்துக்கு எழுதிய விளக்கத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷத்துக்கான பன்னிரண்டு பேரில் பதினோரு பேரை இப்போதே நேரில் போய்க் கேட்டு, சம்மதம் வாங்கிவிட்டேன். பன்னிரண்டாவதாகத் துணைத் தலைவரைக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் சொல்லவில்லை. நிபந்தனை எல்லாருக்கும் ஒன்றுதான் — யாரும் காலைக் கழுவிக்கொண்டு வரக் கூடாது.