காசிலிங்கம் அண்ணாச்சியின் அறிமுக அட்டை

செல்வராணி மில்லர்புரத்துக்காரி. வியாபாரிகள் சங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மாலையில் வீட்டில் பாடங்களைப் பார்த்து, இணையப் பக்கம் எழுதக் கற்றுவந்தாள். சங்கத்தின் புதிய தளத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் அறிமுக அட்டை வேண்டும் என்று செயலாளர் பொன்னுதுரை சொன்னதும், "நானே செய்யுதேன் அண்ணாச்சி" என்று முன்வந்தாள். அதுதான் அவளுடைய முதல் இணைய வேலை.

வத்தல் வியாபாரி காசிலிங்கத்திடமிருந்து தொடங்கினாள். அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கைப்பேசியை வைத்துத்தான் வியாபாரம். அட்டையில் அவருடைய படத்தின்மேல் விரல் பட்டதும் கைப்பேசி "போட்டோ" என்றது. அவ்வளவுதான்.

"ஏளா, யாரு போட்டோ? எம் போட்டோவா, எம் பொண்டாட்டி போட்டோவா?"

வெட்கத்தோடு திருத்தினாள். 'வெள்ளைச் சட்டையில் காசிலிங்கம், வத்தல் மூட்டைமேல் கை வைத்தபடி' என்று படத்துக்கு விவரம் எழுதினாள். தொட்டால் அழைப்புப் போகும் பொத்தான் வைத்தாள். கணினியில் ஒழுங்காக நின்ற பெயர் கைப்பேசியில் திரைக்கு வெளியே ஓடியது. அதை இழுத்து நிறுத்தப் படாத பாடு பட்டாள்.

"இப்பத்தான் நான் அங்கன இருக்கேன்" என்றார் காசிலிங்கம். மற்ற உறுப்பினர்களுக்கும் அதே மாதிரி அட்டை செய்து பொன்னுதுரையிடம் கொடுத்தாள்.

திறப்பு நாளன்று சங்கக் கூடத்தில் தளத்தைப் பார்த்தவள் திகைத்துப்போனாள். அவள் செய்த அட்டைகள் ஒன்றுகூட இல்லை. பிளெக்ஸ் கடையில் செய்த படங்களைப் பொன்னுதுரை ஏற்றியிருந்தார். மேலே குலதெய்வம், ஓரத்தில் காலஞ்சென்ற அப்பா, சுற்றிலும் பூ வளைவு. காதுகுத்துக்கு அடிக்கிற அதே தட்டி. பெயரும் எண்ணும் படத்துக்குள்ளேயே, கைப்பேசியில் எறும்பளவுக்கு.

"சாமி படத்த நானே மேல வச்சுத் தந்திருப்பேனே அண்ணாச்சி! பேரையும் நம்பரையும் ஏன் படத்துக்குள்ள போட்டுப் பூட்டுதிய?"

"ஒன் கார்டு மொட்டையா இருக்குளா. கண்ணு தெரியாத ஒரு ஆளுக்காக நாங்க எல்லாரும் லட்சணம் கெட்டுப் போவணுமா? அவருக்கு எதுக்கு வெப்சைட்டு?"

பின்வரிசையில் காசிலிங்கம் கைப்பேசியைக் காதோரம் வைத்துத் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். "படம். படம். படம்" என்றது அது.

செல்வராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தா வாங்கும்போது மட்டும் அவர் உறுப்பினரா? இதற்குப் பதிலாகக் கதவைச் சாத்தி, உள்ளே வராதே என்று நேராகவே சொல்லியிருக்கலாமே!

காசிலிங்கம் எழுந்தார். "பொன்னுதுரை, அங்கனருந்து எம் படத்த எடுத்திரும். ஏளா, நீ செஞ்ச கார்டு இருக்கா?"

"பத்திரமா இருக்கு அண்ணாச்சி."

அங்கேயே உட்கார்ந்து, காசில்லாமல் இடம் தரும் ஒரு தளத்தில் அதை அவருக்கென்று தனிப் பக்கமாக ஏற்றினாள். அவர் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அனுப்பினார். பிறகு செல்வராணி, சங்கத் தளத்தின் அடியில் வடிவமைத்தவர் என்று இருந்த தன் பெயரை அழித்தாள்.

"என்னளா, கோவமா?" என்றார் பொன்னுதுரை.

"ஆமா அண்ணாச்சி, கோவந்தான்" என்று சொல்லிவிட்டுக் கணினியை அணைத்தாள்.