கழனி வீட்டுச் சுவர்

இன்று கம்பெனி பஸ் தண்டலத்தில் நின்றபோது, யாரோ இடித்துக்கொண்டிருந்த பழைய வீட்டிலிருந்து நனைந்த சுண்ணாம்பு வாசனை வந்தது. பென்னலூரில் எங்கள் கழனி வீடும் அப்படித்தான் மணக்கும். அறுவடை நாட்களில் அம்மாவும் அண்ணனும் நானும் அங்கேயே தங்குவோம். பக்கத்துக் கொட்டகையில் ஆயில் இன்ஜின் ஓட ஓட, அதன் அதிர்வு சுவரில் சாய்ந்த முதுகு வழியாகப் பல்வரை ஏறும், அந்த நடுக்கத்திலேயே தூங்கிப்போவோம். இப்போது கழனி இல்லை, சுற்றிலும் கம்பெனி காம்பவுண்டுகள். வீடு மட்டும் ஓடு சரிந்து நிற்கிறது. ஞாயிறுதோறும் போய், சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்கிவிட்டு வருகிறேன். அதைப் பழையபடி ஆக்கிவிட வேண்டுமென்று எனக்கு ஆசை. அண்ணனுக்கோ இடித்துவிட்டு, வெளியூர்ப் பையன்களுக்கு வாடகை ரூம் கட்ட வேண்டும்.

பயத்தில் அங்கேயே இறங்கி அவனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, வூட்டு மேல கைய வெச்சிட்டியா? ஓட்ட மாத்தினா போதும்ணா. நான் பாத்துக்கிறேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"ஜேசிபிகாரன் காலைலேந்து நின்னுகினு கீறான். ஆரம்பின்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரல. நீ வந்துடும்மா."

ஆட்டோவில் ஏறிய பிறகும் நான் போனை வைக்கவில்லை.