கோழியும் திமிங்கிலமும் ஒரே எண்ணில்

எட்டாம் வகுப்பு முழு ஆண்டு விடுமுறை தொடங்கிய நாளில் எங்கள் பள்ளி நூலகத்தில் நடந்ததை, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன் நண்பர்களே.

புதுப் புத்தகங்களின் பசை வாசம்... ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டாரின் உறுமல். கள்ளக்குறிச்சிப் பக்கம் மோட்டார் போட்டால் கரண்ட் குறைந்து ஃபேன் தள்ளாடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று, கணினி டீச்சர் புத்தகங்களைப் பதிந்துகொண்டிருந்தபோது, கணினியே அணைந்துவிட்டது.

மறுபடி போட்டதும் ஓடியது. டீச்சரும் மிச்சப் புத்தகங்களைப் பதிந்து முடித்தார்.

அப்போதுதான் பூங்கொடி வந்தாள். கல்வராயன் மலைப் பெண். விடுதியில் தங்கி என்னோடு படித்தவள். கையில் திமிங்கிலங்கள் பற்றிய தடித்த புத்தகம். பாதிதான் படித்திருந்தாள், மிச்சத்தைப் படிக்க வீட்டுக்கு எடுத்துப்போக வந்திருந்தாள். அன்று மாலை பேருந்தில் ஊருக்குப் போகிறாள்.

டீச்சர் புத்தகத்தின் எண்ணைத் தட்டினார். அப்படி ஒரு புத்தகமே இல்லை என்றது திரை.

"இன்னா டீச்சர், கையில இருக்குதே!"

"கையில இருக்குதுடி, கம்ப்யூட்டர்ல இல்லியே. பதியாம குடுத்தா எச்.எம். என்னையத்தான் கேப்பாங்க."

"பஸ்ஸு பூடும் டீச்சர்... மலைக்குப் போனா லீவு முச்சூடும் படிக்க ஒண்ணும் கிடையாது."

வேறு எண்களைத் தட்டினாலும் அதே பதில். டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"புக்கு விவரம்லாம் பத்திரமா இருக்குது. எது எங்க இருக்குதுன்னு காட்டுற இண்டெக்ஸுதான் ஒடஞ்சுபோச்சு. எல்லாம் மோட்டார் பண்ண வேலை."

முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்தார். பழைய இண்டெக்ஸை அழித்துப் புதிதாகக் கட்டக் கணினிக்குக் கட்டளை கொடுத்தார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது... பாதியில் நின்றது.

ஒரே எண்ணில் இரண்டு புத்தகங்கள்! அன்று வந்த கோழி வளர்ப்பு நூலுக்கு, அவசரத்தில் டீச்சர் திமிங்கிலத்தின் எண்ணைப் போட்டிருந்தார். இண்டெக்ஸ் நன்றாக இருந்திருந்தால் அப்போதே தடுத்திருக்கும்.

"டீச்சர், கோழியும் திமிங்கிலமும் ஒரே நம்பர்ல குந்திக்கினு இருக்குதுங்க!" என்றேன்.

"சிரிக்காதடி. போய் அந்தக் கோழியைப் புடிச்சிக்கினு வா."

அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். கோழிக்குப் புது எண் கிடைத்தது. மறுபடி பச்சைக் கோடு. நாங்கள் திரையைப் பார்க்க, பூங்கொடி மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு முடிந்தது. எண்ணைத் தட்டியதும் புத்தகத்தின் பெயர் வந்து நின்றது. மூன்று பேரும் கைதட்டினோம்.

டீச்சர் பதிந்து கொடுத்ததும், பூங்கொடி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கேட்டிலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது:

"திமிங்கிலத்தை மலையேத்திக்கினு போறேண்டீ!"

இப்போது நான் பிளஸ் ஒன். நூலகத்தில் யுபிஎஸ் இருக்கிறது. மோட்டார் என்ன உறுமினாலும் கணினி அசைவதில்லை. தேடினால் நொடியில் புத்தகம் வருகிறது. நல்லதுதான், எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால்... ஒரு புத்தகம் கிடைத்ததற்கு யாரும் கைதட்டி நான் அதன்பிறகு பார்க்கவில்லை.

இதையும் நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். டீச்சர் சாவியோடு நிற்கிறார்... விளக்குகளையும் அணைத்துவிட்டார்.